தலையசைப்பு

ராத்திரி முழுக்கக் கடலில் விழித்திருந்துவிட்டு வருபவருக்கு எண்களை நினைவில் வைப்பது சிரமமாகுமா? இதைச் சோதிக்கும் ஓர் உளவியல் ஆய்வுக்காகச் சில மாதங்கள் ராமேசுவரம் தீவில் களப்பணி செய்தேன். நான் ஓர் எண் வரிசையை வாசிப்பேன், கேட்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அங்கே விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் கரைக்கு வரும்.

முதலில் போட்ட திட்டமே தப்பு. படகில் போய் வந்தவர்களை ஒரு பக்கமும் கடைக்காரர்களை இன்னொரு பக்கமும் வைத்து ஒப்பிட நினைத்தோம். கடைக்காரர் நாள் முழுக்கச் சில்லறைக் கணக்கு பார்ப்பவர். அவர் எண்ணை நன்றாகச் சொன்னால் அது தூக்கத்தால் வந்ததா, தொழிலால் வந்ததா? பிரித்துச் சொல்லவே முடியாது. அதனால் ஒரே ஆளை, கடலுக்குப் போய் வந்த காலையில் ஒரு தடவையும் வீட்டில் தூங்கி எழுந்த காலையில் ஒரு தடவையும் சோதிப்பது என்று மாற்றினோம். இரண்டாம் தடவை பழக்கத்தாலேயே கூடுதலாகச் சொல்லிவிடுவார்களே! அதற்குச் சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்குக் கடல் நாளை முதலில் வைத்தோம், மீதிப் பேருக்கு வீட்டு நாளை. டீ குடிக்கும் முன்பா, பின்பா என்பதையும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டோம். ஆனால் மீன்பாடு நன்றாக இருந்த காலையில் மனிதர் உட்காரும் விதமே வேறு. அதை நம்மால் கட்டுப்படுத்த முடியாது, குறித்துவைக்கத்தான் முடியும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒருநாள், வலையோடு நேராக வந்து உட்கார்ந்த ஒரு அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், நான் சரியாச் சொன்னா நீங்க லேசாத் தலைய ஆட்டுறீங்க. ஆட்டலைன்னா உடனே மாத்திச் சொல்லிருவேன்."

அன்று இரவு போனில் இருந்த ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். தலையசைப்பு மட்டுமில்லை. நொடிக்கு ஓர் எண் என்ற கணக்கில் வாசிக்க வேண்டியவள், கண் சிவந்து வந்தவர்களிடம் மெதுவாக, இரண்டிரண்டாகச் சேர்த்து வாசித்திருக்கிறேன். "நாலு ஏழு... ரெண்டு ஒன்பது..." இரக்கம்தான். அந்த இரக்கம் நாங்கள் தேடிப் போன வித்தியாசத்தையே அழித்துவிடும். எனக்கு அழுகை வந்தது.

பெர்லினில் கணக்குப் போட்டதாகப் பேர் வாங்கிய ஹான்ஸ் குதிரையை ஆராய்ந்து 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் எழுதியதைக் கல்லூரியில் படித்திருந்தேன். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரை தடுமாறியது. அது பார்த்துக்கொண்டிருந்தது கேட்பவரின் மிகச் சிறிய தலையசைவை. விஷயம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் அசைவை முழுதாக நிறுத்த முடியவில்லை. அப்படியென்றால் 'இனி கவனமாக இருக்கிறேன்' என்று நான் சொல்வதற்கு என்ன மதிப்பு?

அதுவரை எடுத்ததை ஒதுக்கி வைத்தோம். எண்களை ஒரே குரலில் முன்பே பதிந்து ஸ்பீக்கரில் போட்டோம். பதில்களைக் கேட்டு மதிப்பெண் போட்டவர் மதுரையில் இருந்தார். எது கடல் நாள், எது வீட்டு நாள் என்று அவருக்குத் தெரியாது. இறங்குதளத்து ஐஸ் உடைக்கும் சத்தம் பதிவில் விழுந்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று, இரண்டு நாளுக்கும் உள்ளே தள்ளியிருந்த ஒரே அறையைப் பிடித்தோம். மீன் வாடையை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும், அதை மறைக்க வழியில்லை. அதனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

புதிதாகத் தொடங்கிய முதல் நாள், பின்னாலிருந்து ஒருவர் எட்டு எண்களை நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "சரிதானே டீச்சர்?"

நான் திரும்பவில்லை. "எல்லாம் முடிஞ்சதும் சொல்றேண்ணே" என்றேன். அவர் அடுத்த வரிசைக்காகக் காத்திருந்தார்.