முதல் பந்தி

செப்டம்பர் 12

தழை உரத்துக்காக வளர்த்த தக்கைப்பூண்டை இன்று மடக்கி உழுதுவிட்டோம். இடுப்புயரம் வளர்ந்து அங்கங்கே மஞ்சள் பூ எட்டிப் பார்த்தது. டிராக்டர் போன தடத்தில் கொக்குகள் வரிசை கட்டி நடந்தன. ஒன்பது மா நிலமும் இனி இரண்டு வாரம் அழுகட்டும்.

சென்ற ஆண்டு நடந்ததை அன்றன்றைக்கு எழுதிவைக்காமல் விட்டேன். அந்த வருத்தத்தில்தான் இந்தக் குறிப்பைத் தொடங்குகிறேன். நட்ட பதினெட்டாம் நாள் இலைச்சுருட்டுப் புழு தெரிந்தது. மருந்துக் கடையில் கொடுத்ததை வாங்கி அடித்தேன். புழு போயிற்று, வயல் கரும்பச்சையாக நின்றது. பத்து நாள் கழித்து மறுபடியும் அடித்தேன். மார்கழியில் நடுவயலில் தாம்பாளம் அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம் விழுந்தது. ஒரே வாரத்தில் அது களத்துமேடு அளவுக்கு விரிந்து, வெந்நீர் ஊற்றியதுபோல் பயிர் காய்ந்து சாய்ந்தது. புகையான், பயிரின் அடித்தூரில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி. நான்கு மாவில் கதிரெல்லாம் பதர். அம்மா வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

இந்தப் பூச்சி எங்கிருந்து வந்தது என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தேன். அதைத் தின்பவை எங்கே போயின என்று கேட்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

செப்டம்பர் 28

நடவு முடிந்தது. ஆந்திரா பொன்னிதான். புகையானுக்கு எளிதில் ஆட்படும் ரகம் என்று தெரியும், ஆனாலும் வீட்டுக்கும் விலைக்கும் இதுவே வேண்டியிருக்கிறது. எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடச் சொன்னேன். நடவுக்கு வந்த அக்காமார்களுக்கு அவ்வளவு இடத்தைச் சும்மா விட மனமில்லை. "இந்த இடத்தில் இரண்டு மூட்டை விளையுமே தம்பி" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே நட்டார்கள். வரப்பு நெடுகத் தட்டைப்பயறு ஊன்றினோம்.

அக்டோபர் 7

காலையில் வரப்பில் குந்தி, ஒரு முழ நீளத் தண்ணீரை ஒரு மணி நேரம் பார்த்தேன்.

நட்டு ஒன்பது நாள்தான் ஆகிறது. நெல்லைத் தின்னும் பூச்சி ஒன்றுகூட இல்லை. ஆனால் தண்ணீர் உயிரோடு இருந்தது. அழுகிய தக்கைப்பூண்டு இலையின்மேல் பழுப்பு நிறத்தில் பாசி படிந்திருக்கிறது. அதற்குள் நூல்போன்ற சிவப்புப் புழுக்கள் நெளிகின்றன. அவைதான் சில நாளில் கொசுவைப்போல் சிறகு முளைத்து மேலே வருகின்றன. இவை கடிக்காது. வெயில் ஏறும்போது நாற்றின் நுனிகளில் புகைபோலப் பறந்தன.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். ஓநாய்ச் சிலந்தி. முதுகில் கவைபோன்ற வெளிர் கோடு. இந்தச் சாதி வலை கட்டுவதில்லை. தண்ணீரின்மேல் எட்டுக் காலையும் பரப்பி, தரையில் ஓடுவதுபோல் ஓடிவந்து, சிறகு உலர்த்திக்கொண்டிருந்த அந்தக் கொசு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஜாவாத் தீவின் நெல்வயல்களில் செய்த ஆய்வொன்று 1996-இல் வெளியானது. அங்கே 700-க்கும் மேற்பட்ட பூச்சி, சிலந்தி வகைகளைக் கண்டார்கள். பருவத் தொடக்கத்தில் வயலில் பெருகுபவை மட்கைத் தின்னும் சிற்றுயிர்களும் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்பவையும்தான். அவை நெல்லைத் தொடுவதில்லை. ஆனால் சிலந்திகளும் மற்ற இரைகொல்லிகளும் அவற்றைத் தின்று முன்கூட்டியே பெருகிவிடுகின்றன. புகையான் வந்து இறங்கும்போது வயலில் காவல் ஏற்கெனவே நிற்கிறது. தழை, எரு இட்ட வயலில் இந்தக் காவல் இன்னும் கூடுதலாக இருந்தது.

சென்ற ஆண்டு நான் தழை உரம் போடவில்லை. பதினெட்டாம் நாளிலேயே மருந்தும் அடித்தேன். முதல் பந்தியில் இலை போட்டவுடனே வந்தவர்களையெல்லாம் விரட்டிவிட்டிருக்கிறேன்.

அக்டோபர் 17

இலைச்சுருட்டுப் புழு வந்துவிட்டது. இலைகள் மடிந்து, உள்ளே பச்சையம் சுரண்டப்பட்டு, வெள்ளை வெள்ளையாகக் கோடு. பக்கத்து வயல்கார மாமா நேற்றே மருந்து அடித்துவிட்டார். மதகடியில் நின்று கேட்டார்: "என்ன மாப்பிள்ளை, வயல் சோகை பிடித்த மாதிரி இருக்கிறது, கைத்தெளிப்பான் பழுதா?"

"இல்லை மாமா, இந்தத் தடவை நாற்பது நாள் வரைக்கும் அடிப்பதாக இல்லை."

அவர் பதில் சொல்லவில்லை. என்னை நினைத்து வருந்துகிறார் என்று முகத்தில் தெரிந்தது. சென்ற ஆண்டு என் வயல் காய்ந்தபோது முதலில் ஓடிவந்தவர் அவர்தான்.

எனக்கும் வயிற்றைக் கலக்காமல் இல்லை. ஆனால் வியட்நாமில் மீகாங் ஆற்றுப் படுகை விவசாயிகள் 1990-களில் இதைத்தான் செய்து பார்த்தார்கள். முதல் நாற்பது நாளில் இலை தின்னும் புழுவுக்கு மருந்து வேண்டாம் என்று வானொலியில் நாடகம் போட்டுச் சொன்னார்கள். தூர் கட்டும், அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைக்கும், பருவத்துப் பயிர் இழந்த இலையை ஈடுகட்டிக்கொள்கிறது. அடிக்காதவர்களுக்கு மகசூல் குறையவில்லை.

புழு தண்ணீரில் உதிரட்டும் என்று பயிரின்மேல் கயிறு போட்டு இழுத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 29

நான்கு நாளாக விடாத மழை. வடிகாலில் தண்ணீர் ஏறி நிற்கிறது. வயலுக்குப் போகவில்லை.

நவம்பர் 9

இரவு டார்ச் விளக்கோடு போனேன். வரப்பிலிருந்து தாழ விளக்கைப் பிடித்தால் ஓநாய்ச் சிலந்தியின் கண்கள் பச்சை மணிபோல் மின்னும். சேர்த்து நட்ட நாற்றுகளைக் குத்துக் குத்தாகப் பார்த்தேன். இருபது குத்தில் இருபத்து மூன்று சிலந்தி. ஒருத்தி வால்புறத்தில் வெள்ளைப் பையைச் சுமந்துகொண்டு நின்றாள். முட்டைப்பை. இன்னொருத்தியின் முதுகு சொரசொரப்பாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தால் குஞ்சுகள்! ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அமர்ந்திருக்கின்றன. விளக்கு பட்டதும் அவள் அத்தனையையும் சுமந்தபடி தண்ணீரைத் தாண்டி அடுத்த குத்துக்குப் போய்விட்டாள்.

வெள்ளைக் கோடெல்லாம் புது இலையில் மறைந்துவிட்டது. பயிர் நன்றாகத் தூர் கட்டியிருக்கிறது.

நவம்பர் 21

மகள் சென்னையிலிருந்து பேசினாள். முதுகலை விலங்கியல் படிக்கிறாள். சிலந்திக் கணக்கைச் சொன்னதும் அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ராபர்ட் பெய்ன் என்ற அமெரிக்க அறிஞரைப் பற்றிச் சொன்னாள். 1963-இல் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறையொன்றிலிருந்து உடுமீன்களை மட்டும் பிடுங்கிப் பிடுங்கிக் கடலில் எறிந்தாராம். அவை தின்றுகொண்டிருந்த மட்டிகள் பாறை முழுவதையும் பிடித்துக்கொண்டன. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின. தின்பவன் ஒருவன் போனதும் மற்றவர்களுக்கு இருக்க இடமில்லை.

கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் எங்கள் வயலில் அப்படி ஒரே ஒரு தலைவன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவளிடம் அதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு இன்னொன்று சொன்னாள். 1972-இல் ராபர்ட் மே என்பவர் கணக்குப் போட்டுக் காட்டினாராம்: இனங்களும் அவற்றுக்கிடையே பிணைப்புகளும் கூடக்கூட, மனம்போன போக்கில் பின்னிய வலை எளிதில் நிலைகுலையும். "அப்படியானால் உங்கள் வயல் எப்படி அப்பா நிற்கிறது?"

இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். விடிகாலையில் பிடிபட்டது. என் சிலந்தி ஒரே இரையை நம்பி இல்லை. கொசு மிகுந்தால் கொசு, தத்துப்பூச்சி மிகுந்தால் தத்துப்பூச்சி, இரண்டும் குறைந்தால் அந்துப்பூச்சி, சமயத்தில் தன் இனத்தையே. எதையும் அடியோடு அழிப்பதில்லை, எது பெருகுகிறதோ அதன்மேல் சாய்கிறது. அதைத் தின்னத் தவளை இருக்கிறது, கரிச்சான் இருக்கிறது. ஒவ்வொரு பிடியும் தளர்வான பிடி. காலையில் மகளிடம் சொன்னபோது, கெவின் மெக்கான் என்ற சூழலியல் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1998-இல் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றாள்: வலுவில்லாத பிணைப்புகள் நிறைய இருந்தால் அவை பெரிய ஏற்ற இறக்கத்தை அமுக்கிவிடும். மெய்யான வலை மனம்போன போக்கில் பின்னியதில்லையே.

டிசம்பர் 5

வந்துவிட்டது.

குத்தைச் சாய்த்துத் தட்டினால் தண்ணீரில் பழுப்பு நிறத்தில் புகையான் உதிர்கிறது. எல்லாம் நெட்டைச் சிறகு, பறந்து வந்தவை. இனி முட்டையிடும். இலையுறைக்குள் கீறி உள்ளே செருகிவிடும், மேலே அடிக்கும் மருந்து அதை எளிதில் தொடாது. ஏழெட்டு நாளில் குஞ்சு பொரிக்கும். சென்ற ஆண்டு எனக்குப் புரியாமல் போனது இதுதான். மேலே அடித்த மருந்தில் சிலந்தியும், புகையான் முட்டையை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியும் செத்தன. உறைக்குள் இருந்த முட்டை பிழைத்தது. பொரிந்த குஞ்சுகளுக்கு எதிரியே இல்லாத வயல் கிடைத்தது. செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளும் குயினால்பாஸும் புகையானை இப்படிக் கிளப்பிவிடும் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே இருக்கிறது.

அதே பரிந்துரையில் இன்னொரு வரி. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தால் நடவடிக்கை எடு. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறு. எத்தனையோ முறை படித்திருக்கிறேன், இன்றுதான் அது கண்ணில் உறைத்தது. சிலந்திக்கு எண் கொடுத்து, கணக்கில் சேர்த்து, அதன் உழைப்புக்கு மதிப்புப் போட்டிருக்கிறார்கள்.

மூலைக்கு மூலை நடந்து இருபது குத்து எண்ணினேன். தூருக்கு ஒன்றுக்குச் சற்று மேல். சிலந்தி குத்துக்கு ஒன்று. பொறுக்கிறேன்.

டிசம்பர் 8

வடிகாலில் மட்டம் இறங்கியதும் தண்ணீரை வடித்துவிட்டேன். பட்டத்தை விலக்கிப் பார்த்தால் அடித்தூரில் வெயில் விழுகிறது. மேலுர யூரியாவை நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 14

மிரிட் நாவாய்ப்பூச்சி! பச்சை உடம்பு, கறுத்த தலை, எள்ளைவிடச் சற்றுப் பெரியது. இலையுறையில் ஊசிவாயைக் குத்தி, உள்ளே இருக்கும் புகையான் முட்டையை உறிஞ்சிக்கொண்டிருந்தது. மருந்து போகாத இடத்துக்கு இது போகிறது.

பக்கத்திலேயே ஒரு ஓநாய்ச் சிலந்தி இன்னொரு நாவாய்ப்பூச்சியைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. மனம் பதறியது. எனக்கு வேண்டியவர்கள் இருவர், ஒருவரை ஒருவர் தின்கிறார்கள். இங்கே யாரும் என் பொருட்டு வேலை செய்யவில்லை. எல்லாருக்கும் பசி.

டிசம்பர் 20

தென்கிழக்கு மூலைப் பள்ளத்தில் வட்டம் விழுந்துவிட்டது. அங்கே தண்ணீர் வடியவில்லை. முதல் யூரியாவும் ஓடிப்போய்த் தேங்கிய இடம். அரைக்குழி நிலம் இருக்கும். நான்கு நாளாகத் தினமும் போய் அதன் ஓரத்தில் குச்சி நட்டுப் பார்க்கிறேன். குச்சியை இன்னும் தாண்டவில்லை. மற்ற இடங்களில் எண்ணிக்கை தூருக்கு ஒன்றுக்குக் கீழே இறங்கிவிட்டது.

மாமா வயலில் மூன்று வட்டம். மூன்றாம் முறையாக மருந்து அடித்துக்கொண்டிருந்தார். தெளிப்பானை இறக்கிவைத்துவிட்டு என் வரப்புக்கு வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. குத்தை விலக்கிக் காட்டினேன். சிலந்தி ஓடியது. அவருடைய வயலில் ஒரு குத்தை விலக்கினோம். பிறகு இன்னொன்றை. பத்துக் குத்து பார்த்தோம்.

"ஒன்றுமே இல்லையே மாப்பிள்ளை" என்றார்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். சென்ற மார்கழியில் என் தொண்டையில் இருந்த குரல். இந்தோனேசியாவே இப்படித்தான் அடிவாங்கிக் கற்றுக்கொண்டது. 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை அரசாணை போட்டுத் தடுத்தார்கள். ஒரு நாட்டுக்கே அவ்வளவு காலம் பிடித்தது, மாமா எம்மாத்திரம்? மீதமுள்ள வயலில் தண்ணீரை வடிக்கலாம் என்றேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இருவரும் போனோம்.

ஜனவரி 13

அறுவடைக்கு இன்னும் எட்டு நாள். வயல் மெழுகுபதத்துக்கு வந்துவிட்டது. நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளித்தோம். மாமாவும் வந்திருந்தார். ஆடி, ஆவணியில் தக்கைப்பூண்டு விதை எங்கே வாங்குவது, மாவுக்கு எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன்.

அறுவடை இயந்திரம் வடக்கு வரப்பிலிருந்து உள்ளே வரட்டும், தெற்கு வரப்புத் தட்டைப்பயறை மிதிக்க வேண்டாம் என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிவிட்டேன். அறுக்க அறுக்கச் சிலந்திகளெல்லாம் அந்தப் பக்கம்தான் ஓடிவரும். வைக்கோலில் பத்துக் கட்டுகளை அந்த வரப்பிலேயே போட்டுவைக்கப் போகிறேன்.

தெளித்துவிட்டுக் கரையேறியபோது சட்டைக் கையில் ஒரு குஞ்சுச் சிலந்தி இருந்தது. கையைப் பயறுக்கொடியின்மேல் வைத்தேன். இறங்கிப் போயிற்று.