இலை எடை எங்கே போகிறது: கோத்தகிரி கேமல் நாட்குறிப்பு

ஜூலை 7, 2025

அரவேணு, கட்டபெட்டு, கீழ்க்கோத்தகிரி ஆகிய மூன்று தேயிலை எடை ஷெட்டிலிருந்தும் எடைக் கோப்பு வருகிறது. கோப்புகளையும் செய்திகளையும் இடம் மாற்றி அனுப்பும் மென்பொருளான அப்பாச்சி கேமல் அதை வரிவரியாகப் பிரித்து, கடைசிப் பத்தியில் உள்ள ஷெட் எண்ணைப் பார்த்து, அந்தந்தச் செய்தி வரிசைக்கு (கியூ) அனுப்ப வேண்டும். ஆனால் எல்லா வரியும், எந்த நிபந்தனைக்கும் பொருந்தாதவை போகும் ‘அதர்வைஸ்’ கிளையில் போய் விழுகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. கேமலைக் கேட்டால் வேலை சரியாகத்தான் நடந்தது.

இந்த நேரத்தில் ரூட்டையே (செய்தி போகும் வழியைச் சொல்லும் நிரல்) வெறித்துப் பார்த்துப் பயனில்லை, செய்தியைப் பார்க்க வேண்டும். கிளை பிரிக்கும் ‘சாய்ஸ்’ஸுக்கு ஒரு வரி மேலே, ஷெட் எண்ணைத் தாங்கும் ஹெடரைச் சதுர அடைப்புக்குள் அச்சடிக்கும் லாக் வரி ஒன்று போட்டாயிற்று. திரையில் 14 தெரிந்தது, மூடும் அடைப்பைக் காணோம். அது வரியின் தொடக்கத்துக்கு ஓடிப்போய் 2025இன் முதல் இலக்கத்தின் மேல் உட்கார்ந்திருந்தது: ]025-07-07. அப்படியென்றால் 14க்குப் பின்னால் ஒரு கேரியேஜ் ரிட்டர்ன் (வரியின் தொடக்கத்துக்குத் திருப்பும், கண்ணுக்குத் தெரியாத எழுத்து) ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஷெட்டில் இருப்பது விண்டோஸ் கணினி, அங்கே வரி கேரியேஜ் ரிட்டர்ன், நியூலைன் என இரண்டு எழுத்தில் முடியும். வரி பிரிக்கும் ஸ்பிளிட்டர் நியூலைனில் மட்டும் வெட்டியதால் மிச்ச எழுத்து கடைசிப் பத்தியோடு வந்துவிட்டது. சோதனைக் கோப்பு லினக்ஸில் செய்தது என்பதால் டெஸ்ட் எல்லாம் பச்சை.

இரண்டு வகை வரி முடிவையும் பிடிக்கும் ரெஜெக்ஸ் (எழுத்து வடிவ விதி) டோக்கனைஸுக்கு மாற்றியதும் ஷெட்டுக்கு ஒன்றான ‘வென்’ கிளைகள் உயிர்பெற்றன.

ஜூலை 8

நேற்றைய திருத்தத்தோடு தினசரி மொத்தம் நின்றுவிட்டது. மொத்தம் கூட்டும் படி ‘அதர்வைஸ்’ஸுக்கு அடுத்த வரியில், நடுவில் கிளைகளை மூடும் ‘எண்ட்’ இல்லாமல் இருக்கிறது. அதனால் அது ‘அதர்வைஸ்’ஸின் பிள்ளை. நேற்றுவரை எல்லாச் செய்தியும் அந்தக் கிளையில் விழுந்ததால் மொத்தம் ஒழுங்காகக் கூடியது. ஒரு பிழை இன்னொன்றை மறைத்து வைத்திருந்திருக்கிறது.

நிரலை உள்தள்ளி எழுதியிருக்கும் அழகைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஜாவாவுக்கு அது வெறும் இடைவெளி. ‘சாய்ஸ்’ முடியும் இடத்தில் ‘எண்ட்’ கட்டாயம். ‘வென்’னுக்குள் ஸ்பிளிட் வைத்து மூடினால், அடுத்த ‘வென்’னுக்கு முன் ‘எண்ட்சாய்ஸ்’ தேவை. அதை மறந்தால் கம்பைலரே திட்டிவிடும், கவலையில்லை. சத்தமே போடாத இந்த ‘எண்ட்’தான் ஆபத்து.

ஜூலை 10

காலையிலிருந்து மழை, லிங்க் நின்று நின்று வருகிறது. கட்டபெட்டு கோப்பு பாதியிலேயே எடுக்கப்பட்டு, கடைசி வரி அறுந்து ‘அதர்வைஸ்’ஸில் கிடந்தது. ஷெட் எண் கடைசிப் பத்தியில் இருந்ததால் தப்பித்தோம். அங்கே எடை இருந்திருந்தால் 182 கிலோ 18 ஆகி யாருக்கும் தெரியாமல் பில்லுக்குப் போயிருக்கும்.

ஃபைல் காம்பொனெண்டில், கோப்பு எழுதி முடிந்ததா என்று பார்க்கும் ‘ரீட்லாக் சேஞ்ச்டு’ இருந்தது. ஆனால் அது கோப்பின் அளவையும் நேரத்தையும் வழக்கமாக 1000 மில்லிசெகண்ட் இடைவெளியில் ஒப்பிடும். அந்த ஒரு வினாடியில் எதுவும் வளரவில்லை என்றால் கோப்பு முழுமை என்று நம்பிவிடும். இந்த ஊர் மழையில் லிங்க் ஒரு வினாடி மூச்சுவிடாமல் இருப்பது பெரிய விஷயமா? இடைவெளியை 5000 ஆக்கினால், காத்திருப்பின் வரம்பான டைம்அவுட்டையும் வழக்கமான 10000இலிருந்து ஏற்றுவது நல்லது. இடைவெளியைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், கூட இருந்தால் நல்லது. அதுவும் ஒட்டுப்போடும் வேலைதான். சரியான வழி ‘டன்ஃபைல்நேம்’: ஷெட் கணினி எடைக் கோப்பை முழுதும் அனுப்பிய பிறகு அதே பெயரில் டன் என்ற ஒட்டோடு ஒரு வெற்றுக் கோப்பை அனுப்பும். அது வரும்வரை கேமல் கைவைக்காது, வேலை முடிந்ததும் அதை அழித்துவிடும்.

ஜூலை 11

மூன்று ‘வென்’னுக்குப் பதில் ஷெட் எண்ணையே முகவரியில் வைத்து ஒரே வரியாக்கும் முயற்சி. ஹெடர் மதிப்பைக் குறிக்கும் டாலர் குறியும் நெளிவு அடைப்பும், நிலையான முகவரிக்கு அனுப்பும் ‘டூ’வுக்குள் போட்டால் வேலை செய்யாது. அதை அப்படியே பெயராக எடுத்துக்கொள்ளும். இன்னொரு ரூட்டிடம் நேராக ஒப்படைக்கும் ‘டைரக்ட்’ முகவரி என்றால், நுகர்வோர் (செய்தியை எடுக்கும் ரூட்) யாருமில்லை என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பிழையோடு விழும், நல்லது. ‘சேடா’வோ வழக்கமான அமைப்பில் அந்த விசித்திரப் பெயரிலேயே நினைவகத்தில் வரிசை ஒன்றைத் திறந்து, எடுக்க ஆளில்லாமல் 1000 செய்தி வரை சேர்த்துக்கொண்டே போகும். 1001ஆவதில்தான் வரிசை நிரம்பியது என்ற பிழை. அதற்குள் எங்காவது மரம் விழுந்து கரண்ட் போனால் அந்த ஆயிரமும் போச்சு. எழுத வேண்டியது, முகவரியை ஓடும்போது கணக்கிடும் ‘டூடி’. எடைக்கு ‘சேடா’வே வேண்டாம், டிஸ்கில் எழுதிவைக்கும் ஜேஎம்எஸ் வரிசை போதும்.

ஜூலை 15

அரவேணு ஷெட் ஒரே கோப்பை வேறு பெயரில் மறுபடி அனுப்பியது. கோப்புப் பெயரைச் சாவியாக வைத்த ஐடெம்பொடென்ட் சோதனை (ஒரே செய்தியை இரண்டு முறை விடாமல் தடுப்பது) அதைப் புதிதென்று விட்டுவிட்டது. சாவி இனி ஷெட் எண், தேதி, எடைச் சீட்டு எண் மூன்றும் சேர்ந்தது. ஸ்பிளிட்டுக்குப் பிறகு, வரி அளவில் சோதனை. பார்த்த சாவிகளை வைக்கும் ரெபாசிட்டரி மெமரியில் இருந்தால் ரீஸ்டார்ட்டில் எல்லாம் மறந்துவிடும், ஆகவே தரவுத்தளத்தில் வைக்கும் ஜேடிபிசி. ‘அதர்வைஸ்’ கிளைக்குத் தனிக் கோப்புறையும் எச்சரிக்கை லாகும் போட்டாயிற்று. இன்று மாலை அதில் ஒரே ஒரு வரி: பத்தித் தலைப்பு. நாளை ஸ்பிளிட்டில் முதல் வரியைத் தவிர்க்க வேண்டும்.