ஏர் பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்

பானெட்டைத் திறந்ததும் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் ஏர் பாக்ஸ்தான். கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, அதிலிருந்து நெளிநெளியாக ஒரு ரப்பர் குழாய், நடுவில் ரெசனேட்டர் என்று ஒரு வீக்கம். கஸ்டம் வேலைக்கு வரும் வண்டிகளில் முதலில் தூக்கச் சொல்வதும் அதைத்தான். கழற்றுவது பத்து நிமிட வேலை. அது இதுவரை பார்த்துவந்த வேலைகளை யாரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் நாள் கணக்கில் நேரம் போகும்.

பார்க்க லட்சணமில்லாத அந்தப் பெட்டி சும்மா இருக்கவில்லை. சூடு படாத இடத்திலிருந்து காற்றை இழுக்கிறது, தூசியை வடிக்கிறது, மழைத்தண்ணீரைப் பிரித்துக் கீழே விடுகிறது, உறிஞ்சும் சத்தத்தை அமுக்குகிறது, சுழன்று வரும் காற்றை நேராக்கி, இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரிடம் கொடுக்கிறது. சத்தம் கூடினால் பலருக்குச் சந்தோஷம்தான், அதை விட்டுவிடலாம். மற்ற நான்கில் ஒன்றை மறந்தாலும் வண்டி திரும்பி வரும்.

முதல் கேள்வி, ஃபில்டரை எங்கே கொண்டுபோவது? இன்ஜின் பக்கத்திலேயே திறந்த கூம்பு ஃபில்டரை மாட்டினால் வேலை சுலபம், பலனோ குறைவு. வெளியே 30 டிகிரி, பானெட்டுக்குள் 65 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் விழுந்துவிடும். ஃபென்டருக்குள், சக்கர லைனருக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் வழக்கமான தேர்வு. காற்று குளிர்ச்சி, ஃபில்டரும் கண்ணில் படாது. அங்கே ஏற்கெனவே வாஷர் டேங்க், ஹாரன், சில வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் சார்கோல் கேனிஸ்டர் குடியிருக்கும். ஹாரனை நகர்த்தலாம், வாஷர் டேங்கைச் சிறியதாக மாற்றலாம். ஏர்பேக் மோதல் சென்சார் அந்தப் பக்கம் இருந்தால் அதைத் தொடவே கூடாது, குழாய்தான் சுற்றிப் போக வேண்டும்.

இன்னும் கீழே, பம்பர் மூலைக்கு ஃபில்டரை இறக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அங்கேதான் தண்ணீர் காத்திருக்கிறது. 2000 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டர் 500 சிசி. கம்ப்ரஷன் 10:1 என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 55 மில்லி மட்டுமே, நான்கு மேசைக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. அதைவிட அதிகமாகத் தண்ணீர் புகுந்தால் அதை அமுக்க வழியில்லை, கனெக்டிங் ராடு வளையும். ஃபில்டரின் அடிப்பகுதி சக்கர மையத்துக்கு மேலேயே இருக்க வேண்டும் என்று ஒரு கோட்டைப் போட்டுக்கொள்வது நல்லது. லைனரைக் கழற்றி எறிந்துவிட்டு இடம் பிடிப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். டயர் வாரியடிக்கும் தண்ணீரும் கல்லும் நேரே ஃபில்டரில்தான் விழும். லைனர் திரும்ப மாட்டியே ஆக வேண்டும். மாட்டிய பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போதும் டயர் உரசாது என்று பார்த்துவிட வேண்டும்.

தகட்டில் துளை போடுமுன் தொழிற்சாலைத் துளை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பழைய ஏர் பாக்ஸின் மூக்கு பல வண்டிகளில் உள்ஃபென்டர் தகட்டுக்குள் நுழைந்திருக்கும், அதைக் கொஞ்சம் விரித்தாலே போதும். சேஸிஸ் ரெயிலிலும் சஸ்பென்ஷன் டவரிலும் கத்தி வைக்கவே கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, தகட்டுக்குப் பின்னால் வயரிங் ஓடுகிறதா என்று கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே ஹோல் சா. 76 மி.மீ. குழாய்க்கு 86 மி.மீ. துளை போட்டால் ஓரத்தில் ரப்பர் பட்டை வைக்க இடம் கிடைக்கும். வெட்டிய விளிம்பை அரம் போட்டு, ஜிங்க் பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகுதான் ரப்பர். அடியில் ஈரத்துணி விரிக்காமல் வெட்டினால் இரும்புத்தூள் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டு சில நாளில் துருப்புள்ளியாகக் கண் விழிக்கும். பளபளப்புக்காக ஆரம்பித்த வேலையில் அதைவிட அவமானம் வேறில்லை.

இப்போது தலைவலி பிடித்த இடத்துக்கு வரலாம். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் சூடான கம்பி குழாயில் போகும் மொத்தக் காற்றையும் அளப்பதில்லை. தன்மேல் படும் ஓட்டத்தை மட்டும் அளக்கிறது, குழாயின் விட்டம் இவ்வளவு என்ற நம்பிக்கையில் இன்ஜினை நடத்தும் கணினியான இசியு மீதியைக் கணக்குப் போடுகிறது. பழைய உள்விட்டம் 70 மி.மீ., புதியது 76 மி.மீ. என்றால் பரப்பு 18 சதவீதம் கூடுகிறது. அதே அளவு காற்று மெதுவாகப் போகும், சென்சார் சுமார் 15 சதவீதம் குறைத்துச் சொல்லும், பெட்ரோலும் அந்த அளவுக்குக் குறையும். நிதானமாக ஓட்டும்போது புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்டு இசியு இதைச் சரிக்கட்டும். முழு ஆக்ஸிலரேட்டரில் பல வண்டிகள் அதை அப்படிக் கேட்பதில்லை. அங்கேதான் கலவை வறண்டு, தட்டல் சத்தம் கிளம்பும்.

வளைவு இன்னொரு சிக்கல். வளைவைத் தாண்டிய உடனே காற்று ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மந்தமாகவும் ஓடும். சென்சார் எந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறதோ அந்தப் பொய்யையே சொல்லும். முன்னால் குறைந்தது 150 மி.மீ. நேர்க்குழாயாவது வேண்டும், இடம் இருந்தால் இன்னும் அதிகம். பழைய பெட்டியில் தேன்கூடு மாதிரி ஒரு பிளாஸ்டிக் வலை இருந்திருந்தால் அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல, அதையும் எடுத்துவர வேண்டும். புதுக் குழாயில் சென்சாருக்குப் பீடம் வெல்டிங் செய்வதைவிட, தொழிற்சாலை சென்சார் உறையை முழுசாகக் காப்பாற்றி இரண்டு பக்கமும் கப்ளர் என்ற சிலிக்கான் இணைப்புக் குழாய் போட்டு இணைப்பதே சரியான வழி. கொஞ்சம் பிளாஸ்டிக் வெளியே தெரியும். தெரிந்தால் என்ன, அதையும் ஃபென்டர் பக்கம் தள்ளி வைத்துவிட்டால் போயிற்று. எண்ணெய் தடவும் ஃபில்டர் என்றால் கை அடக்கம் வேண்டும், மிஞ்சின எண்ணெய் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும்.

மாஸ் ஏர்ஃப்ளோ இல்லாமல், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் காற்றின் வெப்பநிலை சென்சாரை எங்கே குத்துகிறோம் என்பது முக்கியம். ரேடியேட்டருக்கு மேலே ஓடும் அலுமினியக் குழாயில் குத்தினால் அது காற்றை விட்டுவிட்டு உலோகத்தின் சூட்டைச் சொல்லும், இசியுவும் பயந்து இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும்.

குழாயின் அளவைப் பற்றி வீண் வாதம் நிறைய நடக்கும். 2 லிட்டர் இன்ஜின் 6500 சுற்றில், சிலிண்டர்கள் 90 சதவீதம் நிரம்பும்போது, நிமிடத்துக்குச் சுமார் 5850 லிட்டர் காற்று இழுக்கும். 72 மி.மீ. உள்விட்டத்தில் அது நொடிக்கு 24 மீட்டர் வேகம், தாராளம். அதைவிடப் பெரிய குழாய் இடத்தை அடைக்கும், வேறொன்றுமில்லை.

இன்ஜின் ஆடும், பாடி ஆடாது. ஆக்ஸிலரேட்டரைத் திடீரென மிதித்தால் இன்ஜினின் மேல்பக்கம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சாய்கிறது. குழாயை M6 ரப்பர் மவுன்ட்டில் பாடியோடு பிடித்துவிட்டு, அந்த ஆட்டத்தை, ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்பக் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் பாடி பக்கத்தில், நடுவில் வீங்கி வளைந்துகொடுக்கும் ஒற்றைத் திமில் கப்ளரிடம் விட்டுவிட வேண்டும். இரண்டு முனையும் விறைப்பாக இருந்தால் ஏதோ ஒன்று பிளக்கும். அந்தப் பிளவு நிற்கும்போது மூடியிருக்கும், மிதிக்கும்போது மட்டும் வாய் திறக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். குழாய் முனையில் விளிம்பு உருட்டாமல் கிளாம்பை மட்டும் நம்புவதும் அதே ரகம். திறந்த பள்ளம் வெட்டிய கிளாம்ப் சிலிக்கானைக் கடித்துவிடும், உள்பட்டை வைத்ததே நல்லது. டி-போல்ட் கிளாம்பை டர்போவின் அழுத்தப் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் சென்சார் உறையில் அதை முறுக்கினால் உறைதான் நொறுங்கும்.

வால்வு கவரிலிருந்து வரும் பிரீத்தர் ஹோஸைக் கழற்றி, அங்கே குட்டி ஃபில்டர் ஒன்றைச் சொருகுவது அழகாகத்தான் இருக்கும். மாஸ் ஏர்ஃப்ளோ வண்டியில் அது தவறு. ஐட்லிங்கில் அந்த வழியாகத்தான் இன்ஜினின் அடிவயிறான கிராங்க்கேஸுக்குள் காற்று போய், அங்கே சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு வழியே மேனிஃபோல்டுக்கு ஏறுகிறது. குட்டி ஃபில்டர் வழியே நுழைவது அளக்கப்படாத காற்று. சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் புதுக் குழாயில் ஒரு முனை வைத்து, ஹோஸைத் தொய்வில்லாமல் அங்கே கொண்டுவர வேண்டும். தொய்ந்தால் பள்ளத்தில் எண்ணெய் தேங்கும். சாதாரணச் சிலிக்கான் ஹோஸ் எண்ணெயைக் கசியவிடும் என்பதால் எண்ணெய் தாங்கும் ஹோஸ்தான் சரி. முனையை வெல்டிங் செய்த பிறகு குழாயின் உள்ளே விரல்விட்டுத் தடவிப் பிசிர்களை எடுத்துக் கழுவிவிட வேண்டும். ஃபில்டரைத் தாண்டிய பிறகு இருக்கும் எந்தத் துகளும் நேரே சிலிண்டருக்குத்தான் போகும்.

சென்சார் வயரை நீட்டுவதில் பெரிய வித்தை இல்லை. அதே தடிமன் வயர், ஒவ்வொரு இணைப்பும் 30 மி.மீ. தள்ளித் தள்ளி, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். சென்சார் எர்த்தை வசதிக்காகப் பாடியில் முறுக்கிவிடக் கூடாது, இக்னிஷன் காயிலுக்குப் பக்கத்திலும் ஓட்டக் கூடாது.

சரியாக வந்ததா என்பதற்கு ஸ்கேனர்தான் சாட்சி. பழைய பெட்டி மாட்டியிருக்கும்போதே சூடான ஐட்லிங்கில் காற்றளவு, குறுகிய கால, நீண்ட கால ஃபியூயல் ட்ரிம் (இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்), உள்வரும் காற்றின் வெப்பநிலை நான்கையும் எழுதிவைக்காதவர்களுக்குப் பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது. 2 லிட்டர் இன்ஜினில் ஐட்லிங் காற்றளவு நொடிக்கு 2 முதல் 4 கிராம் வரை காட்டும். வேலை முடிந்தபின் ஐட்லிங்கில் ட்ரிம் ஏறி, 2500 சுற்றில் இறங்கினால் எங்கோ மேனிஃபோல்டு பக்கம் உறிஞ்சுகிறது, புகை விட்டுத் தேட வேண்டும். எல்லாச் சுற்றிலும் ஒரே சதவீதம் ஏறி நின்றால் கசிவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், விட்டம்தான் காரணம். ட்ரிம் 25 சதவீதத்தை நெருங்கினால் பல வண்டிகளில் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்ற பி0171 கோடோடு விளக்கு எரியும்.

சிலிக்கான் சூட்டில் அமுங்கித் தளரும். அதனால் இரண்டு மூன்று முறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு கிளாம்புகளை இன்னொரு முறை இறுக்க வேண்டும். ஃபில்டரைச் சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் பம்பரைக் கழற்ற வேண்டியிருந்தால் அதை யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள். லைனரில் கை நுழையும் அளவுக்கு ஒரு மூடியை வெட்டி, நான்கு ஸ்க்ரூவில் மாட்டிவிட்டால் போதும்.