கட்டு நிறை

சாமியே சரணம் ஐயப்பா!

சபரிமலைக்குத் தலையில் சுமந்து போகும் இருமுடியைக் கட்டுவதை ‘கட்டு நிறை’ என்போம். மலையாளத்தில் ‘கெட்டு நிற’. கட்டுவது கொஞ்ச நேரம்தான், நிறைப்பதுதான் வேலை. தமிழில் ‘நிறை’ முழுமை, எடையும் அதுவே, மனத்தை நிறுத்திக் காக்கும் அடக்கத்துக்கும் பழைய பெயர் அது. 41 நாள் விரதமிருந்து தலையில் இருமுடி ஏறும்போது மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. ஊர் எல்லை ஐயனாரின் இருபுறமும், ஐயனின் இன்னொரு தலமான அச்சன்கோவிலிலும் இருக்கும் தேவியர் பூரணை, புஷ்கலை பெயர்களுக்கும் நிறைவு என்பதே பொருள்.

ஐயனின் அபிஷேகத்துக்கு நெய் நிறைத்துக் கொண்டுபோகும் நெய்த்தேங்காய்க்கு முற்றிய காயாகப் பாருங்கள். நாரை மழமழவென்று வழித்து, மூன்று கண்ணில் மென்மையான ஒன்றை மட்டும் துளைத்து, தண்ணீரை வடித்துக் கவிழ்த்து வையுங்கள். ஒரு சொட்டு தங்கினாலும் சன்னிதானம் சேருமுன் நெய் வாடை அடிக்கும். பசுநெய் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். சரணம் சொல்லிக்கொண்டே நூல்போல ஊற்ற வேண்டும். துளை சின்னது, உள்ளே இருக்கும் காற்றும் அதே வழியாகத்தான் வெளியேற வேண்டும். மடமடவென்று ஊற்றினால் குமிழியிட்டு மேலே வழியும். நிறைந்துவிட்டது என்று தக்கையை அடித்துவிடுவார்கள். காதருகே ஆட்டிப் பார்த்தால் தளும்பும்! கொஞ்சம் ஊற்றி, தட்டி, பொறுத்து, மறுபடி ஊற்றுங்கள். நிறைகுடம் தளும்பாது என்பது அப்போது கையிலேயே தெரியும். பிறகு தக்கை, அதன்மேல் நனைத்த அப்பளம்.

முன்முடி ஐயனுக்கு, பின்முடி வழிச்செலவுக்கு. நடக்க நடக்கப் பின்முடி இளைக்கும், முன்முடி அப்படியே இருக்கும்.

வரிசையில் மணிக்கணக்காக நிற்பதுகூடப் பெரிதில்லை. நெரிசலில் முடியை இறக்கி இடுப்பில் இடுக்கிக்கொள்வதைப் பார்க்கத்தான் மனம் தாங்கவில்லை. ‘சீக்கிரம் அபிஷேகம் முடித்துத் தருகிறேன்’ என்று வரும் தரகர்களிடம் தேங்காயைக் கொடுக்காதீர்கள் சாமி. அபிஷேகம் காலை வேளையில்தான். தவறினால் மறுநாள் வரை அங்கேயே தங்குங்கள், அதுவும் அவன் கொடுப்பதுதான்.

உடைத்த காயிலிருந்து உறைந்த நெய்யை வழித்துப் பாத்திரத்தில் சேர்ப்பார்கள். காய் உடம்பு, நெய் உயிர் என்பார் குருசாமி. அந்த நெய் ஐயன் திருமேனியில் வழிந்து இறங்கும் கணத்தில் கேட்க நினைத்தது ஒன்றும் நாவில் வராது. என்ன தவம் செய்தோமோ, ஐயப்பா! பிரசாத நெய்யைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காலியான மூடியை, சன்னிதானத்து நெருப்புக் குண்டமான ஆழியில் போட வேண்டும். நெய் ஊறிய ஓடு அல்லவா, விழுந்ததுமே பற்றிக்கொள்கிறது.