ஒரு சுழியம் குறைந்த நாள்

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை, கினிப் பன்றியின் மூச்சுக்குழாயை வளையங்களாக நறுக்கி, நூல் கட்டி, ஆர்கன் பாத்தில், அதாவது திசுவை உயிரோடு வைத்திருக்கும் கரைசல் தொட்டியில் தொங்கவிடுவது. கிரெப்ஸ் கரைசல் என்னும் உப்புநீர், 37 டிகிரி, அடியிலிருந்து குமிழி விடும் வாயு. தசை நிலைகொள்ள ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். கார்பக்கோல் விட்டால் தசை சுருங்கி வரைகோடு ஏறும்; அதன்மேல் ஆஸ்துமா மருந்தான சால்புட்டமால் விட்டால் தளர்ந்து மெல்ல இறங்கும்.

பக்கத்துத் தொட்டியில் வலது இதய மேலறை, தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். அட்ரினலின் போன்ற ஐசோபிரினலின் கொடுத்தால் இரண்டுமே அசையும்: இங்கே தளர்வு, அங்கே வேகம். 1948இல் ஆல்க்விஸ்ட், அட்ரினலின் வந்து ஒட்டும் ஏற்பிகளை ஆல்ஃபா, பீட்டா என்று பிரித்தார். 1967இல் லாண்ட்ஸ் குழு பீட்டாவையும் இரண்டாக்கியது. மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துவது முக்கியமாக பீட்டா-2, இதயத் துடிப்பை ஏற்றுவது முக்கியமாக பீட்டா-1. சால்புட்டமால் பீட்டா-2 மருந்து, இதயத்தைத் தொடாது என்றே நானும் மனப்பாடம் செய்திருந்தேன்.

ஒருநாள் தொட்டது. துடிப்பு ஏறிக்கொண்டே போனது. தொட்டிகளை மாற்றிவிட்டேனோ என்று பதறி, குழாய்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் வந்து எட்டிப் பார்த்தார். "இதயத்தை ஏன் பார்க்கிறே? குப்பியைப் பார்." நீர்த்தலில் ஒரு படியை விட்டிருந்தேன், பத்து மடங்கு அடர்த்தி. சரி, தவறு என்னுடையதுதான். ஆனால் ஒரு மருந்து ஓர் ஏற்பியை விட்டு இன்னொன்றைத் தேடிப் பிடிக்கும் 'தேர்வுத் திறன்' என்பது இரண்டு வரைகோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி மட்டுமே என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அளவு கூடினால் அந்த இடைவெளி தீர்ந்துபோகும்.

சால்புட்டமால் தரும் கை நடுக்கம் வேறு கதை. எலும்புத் தசையிலும் பீட்டா-2 இருக்கிறது. அதே ஏற்பி என்பதால் தேர்வுத் திறனால் பயனில்லை. மருந்தை நேரே மூச்சுக்குழாய்க்கு அனுப்பும் இன்ஹேலர்தான் கொஞ்சம் உதவும்.

இதைவிட என்னைக் கவர்ந்தது மஸ்கரினிக் பக்கம், அதாவது நரம்புகள் விடும் அசிட்டைல்கோலின் வந்து ஒட்டும் ஏற்பிகள். அவற்றில் தசையைச் சுருக்குவது எம்-3 வகை. நரம்பு முனையில் இருக்கும் எம்-2வோ அசிட்டைல்கோலின் வெளியேறுவதற்கு பிரேக். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான இப்ராட்ரோபியம் இரண்டையும் அடைக்கும், அதாவது பிரேக்கையும் சேர்த்துப் பிடுங்கும். அதே வகை மருந்தான டியோட்ரோபியமும் இரண்டிலும் போய் ஒட்டும். ஆனால் எம்-2வை விட்டுச் சீக்கிரம் கழன்றுவிடும், எம்-3ஐ லேசில் விடாது. முதன்முறை அதைச் சோதித்த அன்று காலையிலிருந்து வளையத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். மாலையில் திரும்பக் கார்பக்கோல் விட்டுப் பார்த்தேன். கோடு அசையவே இல்லை.