ஓரத்தில் எண் இல்லாத இரண்டு ரோல்கள்: ஒரு ஃபிலிம் குழு தொடங்கிய அனுபவம்

ஃபிலிம் கேமராவில் படம் எடுத்து நாங்களே கழுவும் குழு எங்களுடையது. கொஞ்ச நாள் முன்பு அதில் இரண்டு ரோல் வீணாகிவிட்டன. ஒன்று என்னுடையது, அது போகட்டும். மற்றது, எங்களோடு புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் நான்கு மாதமாகப் பார்த்துப் பார்த்து எடுத்தது. 36 படத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஃபிலிம் கழுவும் டப்பாவான டாங்க்கில் ரசாயனத்தை ஊற்றியது என் கை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. ஃபிலிம் குழு தேடுகிறவர்களும் சொந்தமாக ஒன்று தொடங்க நினைக்கிறவர்களும் நாங்கள் இடறிய இடங்களிலேயே இடறக் கூடாது என்பதால் முதலிலிருந்து எழுதிவிடுகிறேன்.

நான் குழு தேடக் காரணமே டெவலப்பர்தான், அதாவது ஃபிலிமில் படத்தைத் தெரிய வைக்கும் ரசாயனம். டி-76 என்ற டெவலப்பர் தூளை ஒரு லிட்டராகக் கலக்கி, மேற்கொண்டு தண்ணீர் சேர்க்காமல் பயன்படுத்தினால் நான்கு ரோல் கழுவலாம். நிரம்பிய பாட்டிலில் அது ஆறு மாதம் தாங்கும். பாட்டில் பாதி காலியானால் உள்ளே நிற்கும் காற்றே இரண்டு மாதத்தில் அதைக் கெடுத்துவிடும். நான் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு ரோல். ஒவ்வொரு முறையும் பாதி டெவலப்பரைக் கொட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் மூன்று பேர் கிடைத்து, எல்லோரும் ஒரே நாளில் கழுவினால் எதுவும் வீணாகாது. அவ்வளவு எளிய கணக்குதான்.

முதல் முயற்சி பூட்டிய கதவில் முடிந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டம், யாரும் வரலாம் என்று ஒரு பழைய அறிவிப்பில் பார்த்தேன். கேமரா, நெகட்டிவ் கோப்பு, இரண்டு கான்டாக்ட் ஷீட் (ஒரு ரோலின் படங்கள் எல்லாம் சிறிதாக ஒரே தாளில்) எல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். அரை மணி நேரம் வாசலில் நின்ற பிறகு பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார்: "அவங்க இங்க கூடி ரெண்டு வருஷம் ஆச்சே." அறிவிப்பை யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு ஒரு நாள் போயிற்று.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்தக் குழுவில் சேரப் போனாலும் முதலில் இதைக் கேளுங்கள்: கடைசியாக எந்தத் தேதியில் கூடினீர்கள், அன்று எத்தனை ரோல் கழுவினீர்கள்? தேதியும் எண்ணிக்கையும் சட்டென்று வந்தால் குழு உயிரோடு இருக்கிறது. "அடிக்கடி சந்திப்போம்" என்று பதில் வந்தால் பஸ் ஏற வேண்டாம்.

இரண்டாவதாகப் போன குழு நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. பதினான்கு பேர் இருந்தார்கள். மேசை நிறையக் கேமரா. எந்த லென்ஸ் எந்த வருடத்தது, எந்த ஷட்டர் துணி, எது உலோகம் என்று மணிக்கணக்கில் பேசினார்கள். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அந்த மேசையில் நெகட்டிவ் ஒன்றுகூட இல்லை. நான் வைத்த கான்டாக்ட் ஷீட்டைப் பார்த்த ஒரே ஆள், இது எந்த லென்ஸில் எடுத்தது என்று கேட்டுவிட்டுக் கீழே வைத்துவிட்டார். கருவி சேர்ப்பவர்களுக்கு அது நல்ல குழு. படம் எடுத்துக் கழுவ நினைப்பவருக்கு இடமில்லை. இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு இருக்காது.

மறு வாரமும் போய்ப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது ஒரு பெரியவர் பின்னாலேயே வந்தார். "தம்பி, அந்த ஷீட்டை இன்னொரு தடவை காட்டுங்க." பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்து, தெருவிளக்கின் கீழே நின்று ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். ஸ்டூடியோவில் இருபது வருடம் இருட்டறை வேலை பார்த்தவராம். "பதினோராவது படத்தை ஒரு ஸ்டாப் கூட்டி, ரெண்டு மடங்கு வெளிச்சம் விட்டு எடுத்திருக்கலாம். நிழல்ல ஒண்ணுமே இல்ல பாருங்க" என்றார். என் படத்தை உண்மையாகவே பார்த்த முதல் ஆள் அவர். எங்கள் குழு அந்த விளக்குக் கம்பத்தடியில் தொடங்கியது என்றுதான் நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

அவருக்குத் தெரிந்த ஒருவர், எனக்குத் தெரிந்த ஒருவர் என்று நான்கு பேரானோம். நான்கு பேர் தாராளமாகப் போதும். ஆளைச் சேர்க்க அலைய வேண்டாம். ஒரு நாளைக் குறித்து, இரண்டே பேர் வந்தாலும் அந்த நாளை மாற்றாமல் நடத்தினால் மற்றவர்கள் தானாக வருவார்கள்.

அப்புறம் நாங்கள் செய்த பெரிய தவறு, பெயருக்காக இரண்டு கூட்டத்தைச் செலவழித்தது. 1932இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் போன்ற புகைப்படக் கலைஞர்கள் சேர்ந்து, பெரிய கேமரா லென்ஸின் மிகச் சிறிய துவாரத்தின் எண்ணையே பெயராக்கி எஃப்/64 என்று வைத்துக்கொண்டார்கள். அதுபோல நமக்கும் ஒன்று வேண்டும் என்று ஒருவர் ஆரம்பிக்க, ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னோம். முடிவாகவில்லை. அந்த இரண்டு கூட்டத்துக்கும் யாரும் ஒரு ரோல்கூடக் கொண்டு வரவில்லை என்பதைப் பெரியவர்தான் சுட்டிக்காட்டினார். "முதல்ல தண்ணி வர்ற இடமாப் பாருங்க தம்பி. பேரு அப்புறம் வைக்கலாம்."

இடம் தேடித்தான் ஒரு பொது அரங்கத்தின் அலுவலகத்துக்குப் போனோம். படிவத்தின் முதல் வரி அமைப்பின் பெயர், இரண்டாவது வரி பதிவு எண். எங்களிடம் இரண்டும் இல்லை. "பேரே இல்லாத சங்கத்துக்கு எப்படி சார் ஹால் தர்றது?" என்றார் எழுத்தர். கேள்வியில் நியாயம் இருந்தது. நான்கு பேரும் கையெழுத்திட்ட கடிதம் கொண்டு வந்தால் போதும் என்று அனுப்பினார். கடிதத்தோடு போனால் முத்திரை இல்லை என்றார். முத்திரை செய்துகொண்டு போனால் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி விடுப்பு. நான்காவது முறை எல்லாம் சரியாக இருந்தது. நோக்கம் என்ற கட்டத்தில் நான் "ரசாயனம் கொண்டு ஃபிலிம் கழுவுதல்" என்று எழுதியிருந்ததைப் படித்தவர் படிவத்தை அப்படியே திருப்பித் தள்ளிவிட்டார். விளக்கக்கூட விடவில்லை. கோபத்தோடு திரும்பினேன், உண்மை.

இப்போது யோசித்தால் அந்த நான்கு பயணமும் தேவையே இல்லை. கூடிப் பேசிப் படம் பார்க்க ஓர் இடம், கழுவ ஓர் இடம் என்று முதலிலேயே பிரித்திருக்க வேண்டும். படம் பார்க்க ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் போதும். ஒரு நூலகத்தில் வெறும் கடிதத்துக்கே மாதம் இரண்டு மணி நேரம் இடம் கொடுத்தார்கள். கழுவுவதற்குக் குழாய் உள்ள எந்த வீட்டின் பின்கட்டும் போதும். பிரிண்ட் போடத்தான் இருட்டறை வேண்டும். ஃபிலிம் கழுவ, சேஞ்சிங் பேக் என்ற ஒளி புகாத பைக்குள் கை விட்டு ரீலில் சுற்றி டாங்க்கை மூடிவிட்டால், மீதி எல்லாம் பட்டப்பகலில் செய்யலாம். ரசாயனம் என்ற சொல்லை மறைக்கவும் வேண்டாம். தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தாளை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். எங்களுக்கு வீடு கொடுத்த நண்பரின் அம்மாவுக்கு அதை வரி வரியாகப் படித்துக் காட்டிய பிறகுதான் அவர் சம்மதித்தார்.

டெவலப்பருக்குப் பிறகு ஊற்றி, வெளிச்சம் படாத வெள்ளி உப்பைக் கரைத்து எடுக்கும் ரசாயனம்தான் ஃபிக்ஸர். பயன்படுத்திய ஃபிக்ஸரை அவர் வீட்டுச் சாக்கடையில் ஊற்ற மாட்டோம் என்று வாக்கும் கொடுத்தோம். ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளி அதில்தான் இருக்கிறது. தனி கேனில் சேர்த்து, வெள்ளி பிரித்தெடுப்பவர்களிடம் கொடுத்துவிடுகிறோம்.

அதன் பிறகு சில மாதம் எல்லாம் நன்றாகப் போயிற்று. 100 அடி நீள ஃபிலிமான பல்க் ரோல் ஒன்றைச் சேர்ந்து வாங்கி 36 படமுள்ள பதினெட்டு ரோல்களாகச் சுற்றிக்கொண்டோம். எல்லோரும் ஒரே ஃபிலிம் என்பதால் யாருடைய ரோலையும் யாருடையதோடும் ஒரே டாங்க்கில் போடலாம். ஆளுக்கொரு ஃபிலிம் என்றால் நேரம் வேறுபடும், சேர்த்துக் கழுவ முடியாது. நீள ஃபிலிமை ரோலாகச் சுற்றும் கருவியான பல்க் லோடரில் சுற்றிய ரோல்களில் ஒன்றைக் கவனியுங்கள்: ஃபிலிமின் நுனியை ஸ்பூலில் ஒட்டுவது வெளிச்சத்தில் நடப்பதால் கடைசிப் படம் கருகிவிடும். முக்கியமான படத்தை அங்கே வைக்காதீர்கள்.

கேமரா இல்லாமல் வந்த ஒருவருக்குப் பழைய கேமரா ஒன்றைக் கடன் கொடுத்தோம். அவர் ரோல் முழுக்க வெளிச்சம் குறைந்து வந்தது. 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்த, வெளிச்சம் அளக்கும் மீட்டர் அது. நாங்கள் போட்டது 1.5 வோல்ட் ஆல்கலைன், அதனால் இருப்பதைவிட அதிக வெளிச்சம் காட்டியது. கடன் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள், வெளிச்சம் புகாமல் தடுக்கும் பின்மூடியின் நுரைப் பட்டை உதிர்ந்திருக்கிறதா என்றும் விரலால் தொட்டுப் பாருங்கள்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

பெரியவர் அன்று வரவில்லை. நாங்கள் ஐந்து பேர். டெவலப்பர், ஃபிக்ஸர் இரண்டுமே ஒரே மாதிரியான பழுப்பு நிற ஒரு லிட்டர் பாட்டில்கள். காகிதத்தில் எழுதி ஒட்டிய பெயர்கள் ஈரத்தில் ஊறிக் கரைந்து போயிருந்தன. டெவலப்பர் எப்போதும் இடப்பக்கம் என்பது எங்கள் பழக்கம், அதனால் யாரும் புதிதாக எழுதவில்லை. அதற்கு முன் யாரோ தரையைத் துடைத்துவிட்டுப் பாட்டில்களை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். நான் அந்தப் பெண்ணுக்கு முறையை விளக்கிக்கொண்டே இடப்பக்கப் பாட்டிலை எடுத்து ஊற்றினேன். 20 டிகிரி, ஏழரை நிமிடம், நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்துக் குலுக்கல், எல்லாம் சரியாகச் செய்தேன். ஊற்றும்போதே மூக்கில் காரமான நெடி ஏறியது. டி-76க்கு அப்படி நெடி கிடையாது. பேச்சு மும்முரத்தில் அதை நான் கவனிக்கவில்லை. அந்த நெடியை நினைத்தால்தான் இன்னும் மனசு வலிக்கிறது.

கழுவி முடித்து ரீலைப் பிரித்தால் வெறும் பிளாஸ்டிக் பட்டை. "அண்ணா, என் கேமரா கெட்டுப்போச்சா?" என்று அந்தப் பெண் கேட்டார். ஒரு கணம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஃபிலிம் ஸ்பூலில் மாட்டாமல் கேமரா வெறுமனே ஓடியிருக்குமோ என்று நினைத்தேன். பிறகு ஓரத்தைப் பார்த்தேன். படத்தின் எண்களும் ஃபிலிமின் பெயரும் அங்கே இல்லை. அவை ஆலையிலேயே ஒளி காட்டிப் பதித்தவை. கேமராவில் என்ன கோளாறு இருந்தாலும், சரியாகக் கழுவினால் அந்த எண்கள் தெரிந்தே தீரும். படம் இல்லாமல் ஓர எண் மட்டும் இருந்தால் கேமராவையோ மாட்டிய விதத்தையோ சந்தேகிக்கலாம். எண்ணும் இல்லை என்றால் தவறு கழுவியதில்தான். ஃபிக்ஸர் முதலில் போனதால் வெளிச்சம் பட்டது, படாதது எல்லா வெள்ளி உப்பையும் கரைத்துவிட்டது. அதற்குப் பிறகு டெவலப்பரை ஊற்றி எந்தப் பயனும் இல்லை.

"உங்க கேமராவுல தப்பு இல்லம்மா. தப்பு என்னோடது" என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பட்டையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த இரண்டு கூட்டத்துக்கும் வரவில்லை.

அதற்குள் நாங்கள் மாற்றியவை இவை. ஃபிக்ஸர் இப்போது சதுரக் கேனில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே வித்தியாசம் தெரியும். பெயரும் கலக்கிய தேதியும் அழியாத மையில், பாட்டிலின் மேலேயே. ஊற்றுபவர் ஒருவர், பெயரை உரக்கப் படிப்பவர் இன்னொருவர், அந்த நேரம் வேறு பேச்சு இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோதனை: ரோலின் தொடக்கத்தில் மீந்திருக்கும் நாக்குத் துண்டை வெட்டி, வெளிச்சத்திலேயே டெவலப்பரில் போட வேண்டும். சில நிமிடங்களில் கறுத்தால் டெவலப்பர், உயிரோடும் இருக்கிறது. வெளுத்துக் கண்ணாடியானால் அது ஃபிக்ஸர். இன்னொரு துண்டை ஃபிக்ஸரில் போட்டு எத்தனை நொடியில் தெளிகிறது என்று குறித்துக்கொள்கிறோம். புதிதாகக் கலக்கியபோது எடுத்ததைப் போல இரு மடங்கு ஆனால் அந்த ஃபிக்ஸர் தீர்ந்தது. இதற்கெல்லாம் ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. புதிதாக வருபவர்களிடம், முதல் ரோலாக ஒரு பயிற்சி ரோலைக் கொண்டு வரச் சொல்கிறோம். மனசுக்கு நெருக்கமான ரோலை எங்கள் கையில் ஒப்படைக்கும் முன் அவர்கள் எங்களை நம்ப வழி வேண்டும்.

மூன்றாவது கூட்டத்துக்கு அந்தப் பெண் வந்தார். பையிலிருந்து ஒரு ரோலை எடுத்து மேசைமேல் வைத்தார். "நானே ஊத்துறேன் அண்ணா. நீங்க பேரைப் படிங்க."

பெரியவர் நாக்குத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கறுத்தது. நான் பாட்டிலின் பெயரைப் படித்தேன், அந்தப் பெண் ஊற்றினார். ஏழரை நிமிடம் யாரும் பேசவில்லை. கடைசிக் கழுவல் முடிந்து ஃபிலிமைக் கொடியில் மாட்டியபோது, படங்களைப் பார்க்கும் முன் ஐந்து பேரும் குனிந்து பார்த்தது ஓரத்தைத்தான். ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை எண்கள் வரிசையாக இருந்தன.