7 பைட்டா, 12 பைட்டா?

கோவை கணபதியில் பம்ப் மோட்டாருக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்யும் தம்பி ஒருவர் அழைத்தார். "கணினியில் ஒழுங்காக ஓடும் சி நிரல், பலகையில் ஏற்றியதும் நின்றுவிடுகிறது. சிப் பழுதா, அண்ணா?"

சிப் பாவம், அதன்மேல் ஏன் பழி?

சென்சார் அனுப்புவது 7 பைட்: அடையாள எண் 1, அழுத்தம் 4, வெப்பநிலை 2. அதே வரிசையில் ஸ்ட்ரக்ட் (பல மாறிகளை ஒன்றாகக் கட்டும் சி அமைப்பு) எழுதினால், அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் 12 என்கிறது. அழுத்தத்துக்கான 4 பைட் இன்ட் (முழு எண்), நினைவகத்தில் 4ஆல் வகுபடும் முகவரியில்தான் உட்காரும். அதனால் நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் அதற்கு முன்னால் 3 பைட்டும் கடைசியில் 2 பைட்டும் காலியாக விடுகிறது. இன்ட்டை முதலில் வைத்தால் 8 பைட்டில் முடியும். ஆனால் வரும் தரவின் வரிசை நம் கையில் இல்லையே.

யாரோ சொன்னார்கள் என்று, காலி இடம் விடாதே எனக் கம்பைலருக்குச் சொல்லும் 'பேக்டு' சேர்த்திருக்கிறார்கள். அளவு 7 ஆனது. பிறகு அந்த அழுத்தத்தின் முகவரியை இன்ட் பாயின்டராக (முகவரியைச் சுமக்கும் மாறி) வேறொரு ஃபங்ஷனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மேசைக் கணினியின் எக்ஸ்86 செயலி இதைப் பொறுத்துக்கொள்ளும். பலகையில் இருப்பது கார்டெக்ஸ்-எம்0 என்ற சிறிய செயலி. 4ஆல் வகுபடாத முகவரியில் 4 பைட் படிக்கச் சொன்னால் நேராக ஹார்டுஃபால்ட் என்ற, நிரலை நிறுத்தும் பிழைதான். ஜிசிசி கம்பைலர் எச்சரித்தும் இருக்கிறது. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்!

பாயின்டரை எடுத்துவிட்டு, மெம்காப்பி மூலம் தனி மாறியில் நகலெடுக்கச் சொன்னேன். ஓடுகிறது. ஸ்ட்ரக்ட்டின் அளவையும் ஆஃப்செட்டையும் (ஒவ்வொரு உறுப்பும் தொடங்கும் இடம்) ஸ்டேட்டிக் அசர்ட்டில் எழுதி வைத்தால் பிழை கம்பைல் செய்யும்போதே சிக்கும். கணினியில் சோதிப்பவர்கள் ஜிசிசியின் அலைன்மென்ட் சானிடைசரையும் (இப்படிப்பட்ட முகவரிப் பிழையை ஓடும்போது காட்டும் வசதி) போட்டுப் பாருங்கள்.